நாலரை மூட்டை

இளங்கதிர் மஸ்கட்டுக்குப் போய்விட்டதால்
குளத்து உப்பு இப்போது என் பொறுப்பு.
சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் போடுகிறேன்.

நீளம் பத்து மீட்டர்.
அகலம் ஒரு முனையில் நாலு, மறுமுனையில் ஆறு.
பில்லில் 'கிட்னி வடிவம்' என்று எழுதியிருக்கிறார்கள் கட்டியவர்கள்.
அந்தச் சொல்லை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.
எனக்கு இது முந்திரி.
பண்ருட்டியில் உடையாமல் வறுத்தெடுத்த முழுப்பருப்பு.

முந்திரிக்கும் சூத்திரம் இருக்கிறது:
நாலும் ஆறும் கூட்டி, நீளத்தால் பெருக்கி,
நூற்றுக்கு நாற்பத்தைந்து மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.
ஆழம், பிள்ளைகளுக்குக் கால் எட்டும் பக்கமும் எட்டாத பக்கமும் சேர்த்து
சராசரி ஒன்று புள்ளி நாலு.
அறுபத்து மூவாயிரம் லிட்டர்.

கார்த்திகை மழையில் மூன்று நாள் விளிம்பு வழிந்தது,
உப்பும் கூடவே போனது.
வெயில் அப்படிச் செய்யாது.
தண்ணீரை மட்டும் தூக்கிக்கொண்டு போகும்.

சோதனைத் தாள் காட்டுவது லிட்டருக்கு ஒன்று புள்ளி நாலு கிராம்
(ஆழமும் அதே எண்; பயந்து இரண்டாம் தடவை நனைத்தேன்).
மெஷினுக்கு வேண்டியது மூன்று புள்ளி இரண்டு.
நூற்றுப் பதின்மூன்று கிலோ சொச்சம்.
நாலரை மூட்டை.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்
சின்ன வீராம்பட்டினத்துக் கடல்
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமோடு சும்மா புரண்டுகொண்டிருக்கிறது.
'ரெண்டு குடம் மொண்டு ஊத்தினா ஆச்சு' என்கிறார் வாட்ச்மேன் பாவாடை.
ஆகாது.
மரக்காணத்து உப்பும் ஆகாது, அயோடின் போட்டதும் ஆகாது.
மெஷினுக்கு நாக்கு ரொம்ப நீளம்.

நாலு மூட்டை மட்டும் பிரித்தோம்.
குறைந்தால் நாளைக்குப் போடலாம்,
கூடினால் குளத்தையே பாதி இறைக்க வேண்டும்.
சாம்பார் வைத்தவளுக்கு இதை யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.
ஓரமாக நடந்து நடந்து கொட்டினேன்.
அடியில் வெள்ளையாகப் படுத்துக்கொண்டது.
பாவாடை பிரஷ்ஷால் தள்ளத் தள்ள
புகை மாதிரி எழும்பி, இல்லாமல் போனது.

ஜிப்மரில் அமலோருக்கு எழுதிக் கொடுத்திருப்பது
ஒரு நாளைக்கு மூன்று கிராம்.
நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும்
மனசு வகுத்துப் பார்த்துவிட்டது:
நூறு கிலோ என்பது
அவருடைய தொண்ணூற்றொரு வருஷம்.
புது வருஷத்துக்கு வருகிற பெங்களூர்க்காரர்கள்
அதில் குப்புற விழுந்து சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும், அதற்குத்தானே சம்பளம்.

மீதி அரை மூட்டையைச் சணலால் கட்டி
ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு
ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ராத்திரி
அவருக்கு ரசம் சாதம் பிசைந்து வைத்தேன்.
இரண்டு வாய் தின்றார்.
மூன்றாவது வாயில் நிமிர்ந்து
'இன்னைக்கு என்னமோ நல்லாருக்கே' என்றார்.

கையைக் கழுவினேன்தான்.
சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்.
நகக்கண்ணைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்,
அதன் கொள்ளளவுக்கு
என்னிடம் சூத்திரம் இல்லை.