மற்றவை

மூன்று நாள் மழை விட்ட காலை
ஆய்வுகூடக் கதவு திறக்க முதலே
போத்தல்களோடு நிற்கிறார்கள்.

ஜாம் போத்தல், நெஸ்டமோல்ட் பேணி,
மூடி தொலைந்த சோடாப் போத்தலின் வாயில்
சொப்பிங் பையும் றப்பர் பாண்டும்.
ஒருவர் காரின் வைப்பரையே கழற்றி வந்திருந்தார்.
எல்லாவற்றின் அடியிலும்
ஒரு நகக்கண் அளவு வண்டல்.

படிவத்தில் நிறம் என்றொரு கட்டம்.
நிறமற்றது, மஞ்சள், சிவப்பு, மற்றவை.
ஒன்றுக்குச் சரி போடவேண்டும்.

என்ன நிறம் என்று கேட்கிறேன்.
இணுவில் திலகவதி சொல்கிறா:
"வேப்பம்பூ வடகம் பழசானால் வருமே, அது."
குருநகர் அருள்நேசன்:
"திருக்கை கழுவின தண்ணி."
கொடிகாமத்து ஓட்டோக்காரர்
நெடுநேரம் யோசித்துவிட்டு
"லைசென்சில என்ர படம் இருக்கெல்லே,
அதில என்ர முகம்" என்றார்.
மற்றவை. மற்றவை. மற்றவை.

காரணத்தையும் அவரவரே கொண்டு வருகிறார்கள்.
கந்தகம். கடலில் எரிந்த கப்பல்.
ரொக்கெற் விட்டு வானத்தைக் கிண்டினவங்கள்.
"அந்த நாளில மேலையிருந்து கொட்டினதின்ர மிச்சம்"
என்று யாரோ சொல்ல
வரிசை கொஞ்சநேரம் பேசாமல் நின்றது.
பிறகு ஒருவர் தும்மினார்.

நுணுக்குக்காட்டியின் கீழே
திலகவதியின் போத்தலில் மகரந்தம்,
முள்ளுமுள்ளாய், கோபக்காரக் குட்டி உருண்டைகள்.
அருள்நேசனுடையது அடுத்த வீட்டுச் சுவர்:
கலியாணத்துக்கு மலிவாய் அடித்த டிஸ்ரெம்பர்
மணவறை கழற்ற முன்னமே ஒழுகியிருக்கிறது.
"அந்தாளுக்கு நான் அப்பவே சொன்னனான்"
என்று பேணியை நெஞ்சோடு அணைத்து,
வழக்குக்குப் போகிறவர் நடையில் போனார்.

ஓட்டோக்காரருடையது வெறும் துரு.
"இன்னொருக்காப் பாருங்கோ."
பார்த்தேன். துரு.
தன் கூரைத் தகரத்தின் கறையையா
பதினைந்து மைல் கொண்டுவந்தேன் என்று
அவருக்கு வெட்கமாயிருந்திருக்க வேண்டும்,
போத்தலைக் கழுவித்தான் திரும்பக் கேட்டார்.

கடைசியாய் வந்தவர் மாவிட்டபுரம் பக்கம்.
பேர் குணபாலசிங்கம். காணி விட்டு ஆறு வருஷம்.
போத்தல் இல்லை.
கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை
நாலாய் மடித்து அப்படியே கொண்டுவந்திருந்தார்.
பிரித்தேன். நடுவில், ஒரு தட்டு அளவுக்குச்
செம்மண் தெறித்து நின்றது.

எங்கட மண்தானே ஐயா, என்றேன்.
பெருமழைக்கு எழும்பித் தெறிக்கும்.

"கொடி என்ர தலைக்கு மேலை, பிள்ளை.
அவ்வளவு உயரத்துக்கு மண் எழும்பிறதெண்டால்
எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான்."
சிரித்தார்.
"துப்புரவாக்கினதெண்டு பலகை நட்டவங்கள்.
பலகை இப்பவும் நிக்குது."

வேட்டியின் ஓரத்தில் ஒரு துளி எடுத்தேன்.
செம்மண். சுண்ணக்கல் தூள்.
ஏதோ பூச்சியின் கால்.
உலோகம் தேடினேன், இல்லை.
திரும்பவும் தேடினேன்.
எவ்வளவு உயரத்திலிருந்து என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

காற்று, என்றேன். சுழல்காற்றாய் இருக்கும்.
தலையாட்டினார்.
வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தார்.
அது பிடிவாதமாய் வேறொரு மடிப்பில் விழுந்தது.

இன்று முழுக்க வெறுமையாய்க் கிடந்த
சிவப்பு என்ற கட்டத்தில் பேனையை வைத்தேன்.
எட்டிப் பார்த்தவர்,
"அதுவோ போடப்போறியள்?" என்றார்.

வெட்டினேன்.
மற்றவை.

நாலரைக்கு வெளியே வந்தால்
என் ஸ்கூட்டி இருக்கையிலும் படிந்திருக்கிறது,
காலையில் இல்லாத ஏதோ ஒன்று.
பார்க்கவில்லை. சோல் தலைப்பால் துடைத்துவிட்டு
ஏறினேன். நேரம் போயிருந்தது.

வேம்படிச் சந்தி விளக்கில் நின்றபோது
தலைப்பு காற்றில் எழும்பி
முகத்துக்கு நேரே வந்து விரிந்தது.

பச்சை விழுந்தது தெரியவில்லை.
பின்னால் ஒரு மினிபஸ்
கோணை அமத்திப் பிடித்தபடி நின்றது.