முழு ஒடிப்பு

நாலாவது சுற்றில்தான் முனகத் தொடங்கும்.
முதலில் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி,
பிறகு
சந்தை வண்டியில் ஏற்றும் கன்று மாதிரி.
ஏழாவது சுற்றில் ஸ்டியரிங் கல்.
கொண்டை ஊசியில் திரும்பாமல் நேரே போய்
யாருடையதோ நிலக்கடலைக் காட்டில்
நானும் என் பழைய லான்சரும்.

கொழிஞ்சாம்பாறை, இன்னாசிமுத்து பட்டறை.
ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி
மூக்கருகே கொண்டுபோனான். "தீஞ்சிருக்கு."
சிவப்பாய் ஊற்றியது
கருப்பட்டிப் பாகாய்க் கிடந்தது, மேலே நுரை.
"பாதி ஆயில், பாதி காத்து.
காத்தை அமுக்கிக் காரைத் திருப்ப முடியாதுங்க."

மேசைமேல் இரண்டு பாட்டில்.
பொள்ளாச்சிச் சிவப்பு, லிட்டர் நானூற்று இருபது.
பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்த தேன் நிறம்,
அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.
பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
விலை கூடினால் கொழுப்பும் கூடும் என்று
கை தானாக நம்பிவிடுகிறது.
"எதை ஊத்தினாலும் இந்தச் சூட்டுல வேகும்" என்றான்.
"முதல்ல சூட்டுக்கு ஒரு வழி பண்ணலாம்."

தேன் திரும்பிப் போனது, அதே பஸ்ஸில்.
அந்தக் காசில்
விபத்தான பைக்கிலிருந்து கழற்றிய கூலர் ஒன்று,
பம்பருக்குப் பின்னால்,
கணவாய்க் காற்று நேரே வந்து மோதும் இடத்தில்.
காற்றை உறிஞ்சிய ஹோஸுக்கு
நாற்பது ரூபாய் கிளாம்ப்.
எஞ்சின் எகிறினாலும் பம்ப் பதறாமலிருக்க
கொஞ்சம் பெரிய புல்லி.

முன் சக்கரங்கள் அந்தரத்தில்.
எஞ்சினை எழுப்பாமல்
இடது கடைசிவரை, வலது கடைசிவரை
நான் ஒடிக்க ஒடிக்க
மிரிண்டா பாட்டிலில் கறுப்பு இறங்கியது,
பிறகு பழுப்பு,
இருபத்தாறாவது ஒடிப்பில் மாதுளை.
"ஓடும்போது கடைசியில பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க,
முட்டின இடத்துலயே முட்டிட்டிருந்தா
பம்புதான் சாகும்."
எனக்குச் சொசைட்டி செயலாளர் ஞாபகம் வந்தார்,
அவ்வளவுதான்.

ஞாயிறு, தமிழ்நாட்டுப் பக்கம், கைவிட்ட கல் குவாரி.
பன்னிரண்டு சுற்று, ஒரு முனகல் இல்லை.
சக்கரத்தில் உருண்ட கல் ஒவ்வொன்றும்
உள்ளங்கைக்கு வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது.
மூன்றாம் இடம்.
முதலிரண்டும் எர்ணாகுளத்துப் பையன்கள்,
லாரியில் கார் கொண்டுவந்தவர்கள்.

திரும்பும்போது வேலந்தாவளம் செக்போஸ்ட்.
ஓரங்கட்டச் சொன்னார்கள்.
கோழி லாரிக்கும் கான்கிரீட் கட்டைக்கும் நடுவே
ஊர்கிற வேகத்தில்
பெரிய புல்லி சோம்பேறி.
இரண்டு கை, தோள், கடைவாய்ப் பல்
எல்லாம் கொடுத்து ஒடித்தேன்.
போலீஸ்காரர் குனிந்து
கதவில் ஒட்டியிருந்த பதினேழைப் பார்த்தார்,
என் வியர்வையைப் பார்த்தார்.
"பவர் ஸ்டியரிங் இல்லே, சேச்சி?"

"உண்டு சாரே" என்றேன்.
"ஓடும்போது உண்டு."