பன்னிரண்டு வாரம்

வில்யாண்டியில் நவம்பர் என்பது
நாலு மணிக்கே அணைந்துபோகும் ஒரு பகல்.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை மட்டும்
ஈரத் தெருவில் விழித்திருக்கும்.
கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது குளிர்,
பிறகு மூக்கு,
பிறகுதான் ஆள்.

ட்ரீனுவுக்குப் பதினேழு வயது.
எண்ணெய் மின்னும் நெற்றிமேல் தொப்பியை இறக்கி
வாய்க்குள்ளேயே கேட்கிறாள்:
எந்த மருந்து சீக்கிரம் கேட்கும்?
சீக்கிரம் எதுவும் கேட்காது, பெண்ணே.
அசெலாயிக் அமிலம், ஜெல்லாக எடுத்துக்கொள்,
க்ரீம் உனக்குப் பிசுபிசுக்கும்.
பட்டாணி அளவு. பட்டாணி என்றால் பட்டாணி,
கோலிக்குண்டு அல்ல.
வீட்டில் இருக்கும் மற்ற அமிலங்களைக் கொஞ்ச நாள் பூட்டிவை.
ஒரே முகத்தில் எத்தனை பேர் சண்டை போடுவது?

லீவிகாவுக்கு ஏழாம் மாதம்.
மேலுதட்டில் மீசைபோல ஒரு பழுப்பு நிழல்.
காபி என்று நினைத்துக் கணவன் துடைக்கப் பார்த்தானாம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்;
சிரிப்பு பாதியில் நின்றது.
வயிற்றில் ஆள் இருக்கும்போது
நான் துணிந்து எடுத்துத் தரும் சிலவற்றில் இதுவும் ஒன்று,
உன் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன்.
வறண்ட தோல். ஆகவே க்ரீம்.
கூடவே சன்ஸ்கிரீன்.
சூரியனே வராத ஊரில் அதை விற்க
எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

எஃபுவா குமாசியில் பிறந்தவள்,
இங்கே வயலின் படிக்க வந்தவள்.
பரு போய்விட்டது, அதன் நிழல் போகவில்லை என்றாள்.
வெளுக்கும் டப்பாவைக் காட்டிவிடாதீர்கள்,
என் நிறம் எனக்கு வேண்டும்,
கறை மட்டும் கிளம்பட்டும்.
நான் படித்த புத்தகத்தில் எல்லாத் தோலும் என் தோல்.
கறுப்புக் கன்னத்தில் கறை எப்படி இருக்கும் என்று
அன்றுதான், விளக்கடியில், அவள் அனுமதியோடு
சரியாகப் பார்த்தேன்.
இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பிறகு.

கடை மூடும் நேரத்தில் ஐவார்.
அடையாள அட்டையை நீட்டினான்.
திரையில் மருந்துச்சீட்டு: ஜெல், பதினைந்து சதவீதம்.
மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பு வேர்கள் ஓடின.
குடியை விட்டு நாலு வருஷம்,
முகத்துக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை என்றான்.
பதினெட்டாம் தேதி நீதிமன்றம்.
மகள் யாரிடம் வளர்வது என்று
இந்த முகத்தைப் பார்த்து ஒருவர் முடிவு செய்வார்.

அன்று தேதி இரண்டு.

பன்னிரண்டு வாரம் ஆகும் என்றேன்.
முதலில் எரியும். இன்னும் சிவந்தாலும் சிவக்கும்.
வழக்கு முடிந்த பிறகு தொடங்கு.
சிவப்பை மறைக்கப் பச்சைப் பூச்சு இருக்கிறது, வேண்டுமா?
தலையாட்டினான்.
மறைத்தால், குடிகாரன் மறைத்தான் என்பார்கள்.

என்ன சொல்வது.
பார்லியிலும் ரையிலும் இருக்கும் பொருள்தான் இது என்று
சும்மா சொல்லிவைத்தேன்.
அப்படியா, என்றான்,
பார்லி எனக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது.

அவனிடம் நான் சொல்லாதது:
என் பவுடருக்கு அடியிலும் அதே வேர்கள்,
பதினோரு வருஷமாக.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பதால்
என்னை யாரும் ஊதிக் காட்டச் சொன்னதில்லை.

சொன்னது இவ்வளவுதான்:
இதற்கு ரொசேசியா என்று பெயர்.
அந்தப் பெயரை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கு,
கையெழுத்தோடு, முத்திரையோடு.
முகத்துக்கு முன்னால் தாள் பேசட்டும்.

அன்றிரவு கண்ணாடிமுன் பவுடரைக் கழுவினேன்.
மறுநாள் பூசாமல் வந்தேன்.
கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
ட்ரீனு மட்டும் இரண்டு முறை பார்த்தாள்.

பிப்ரவரியில் ஐவார் இரண்டாம் ட்யூபுக்கு வந்தான்.
சிவப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது,
அல்லது குளிர் குறைந்திருந்தது.
கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கையுறை எட்டிப் பார்த்தது.
ஒன்றுதான். மஞ்சள்.
நான் கேட்கவில்லை.
பட்டாணி அளவு என்றேன்.
தெரியும் என்றான்.