நான்கு நான்கு மூன்று ஒன்று

தடா தாண்டி இரண்டாவது திருப்பத்தில் கம்பெனி.
இங்கே கைப்பேசிக்கு ஒரு நாளில் பத்துமுறை
ஆந்திரா நல்வரவு, தமிழ்நாடு நல்வரவு.
மேஜைத் தொலைபேசிக்கு அந்தக் குழப்பமே இல்லை.
எந்த மூலையிலிருந்து அழைத்தாலும்
அம்பத்தூர் என்றுதான் சொல்லும்:
சர்வர் இருக்கிற ஊர்,
பில் போகிற முகவரி.

ஐப்பசி மழையில், ராத்திரி ஷிப்டில்,
பாய்லர் பக்கம் ரமணய்யா சரிந்து விழுந்தார்.
யாரோ அவசர எண்ணை அழைத்தார்கள்,
பேசவில்லை,
என்கிறது அறிக்கை.
ஆம்புலன்ஸ் வந்தது.
அம்பத்தூர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.
"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்றாராம் வாட்ச்மேன்.
அது உண்மைதான்.

பிறகு விசாரணை, மூன்று மெயில், ஒரு பட்ஜெட்.
மாசி மாதம் என் கைக்கு வந்தது
புது வெர்ஷனும் ஒரு சனிக்கிழமை இரவும்,
பதினொன்று முதல் நான்கு வரை.

வேலை பெரிதில்லை.
எந்த சுவிட்ச்சின் எந்தத் துளையில் எந்த வயர்,
அந்த வயரின் மறுமுனை எந்தச் சுவர்,
அந்தச் சுவருக்கு என்ன பெயர்.
பெயருக்கு இருபது எழுத்து இடம்.
புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனிக்கணக்குப் பார்க்கிற கஞ்சம்.

வரைபடத்தில் ஸ்டோர் இரண்டு.
ஷிப்டுப் பையன்களுக்கு அது ஏசி ரூம்,
ஏசி பழுதாகி ஏழு வருடம்.
கேன்டீன் வெங்கம்மாவுக்கு
"குழாய் வெடிச்ச ரூமு."
மூச்சிரைக்க ஓடிவருகிறவன்
வழியில் யாரைக் கேட்பான்?
வெங்கம்மா சொன்னதையே அடித்தேன்.
பத்தொன்பது ஆயிற்று. ஒன்று மிச்சம்.

இர்ஷாத் கீழே சுவிட்ச் அறையில்,
நான் மாடி மாடியாக.
"முப்பத்தேழு?"
"கிழக்குப் படி, சன்னலோரம்."
"ஐம்பத்திரண்டு?"
"லேடீஸ் டாய்லெட் வெளியே. சிரிக்காதே, எழுது."

ஒன்றரை மணிக்கு எண்பத்தாறில் எண்பத்தைந்து முடிந்தது.
4431 மட்டும் நின்றது.
பட்டியலில் இருக்கிறது, பச்சைப் புள்ளி எரிகிறது,
சுவர்தான் அகப்படவில்லை.

இர்ஷாத் அதற்கு ரிங் விட்டான்.
கம்ப்ரஸரை அணைக்கச் சொல்லி
காரிடாரில் வெறுங்காலோடு நின்றேன்.
பழவேற்காட்டு உப்புக்காற்று தகரத்தைத் தட்டுகிறது.
ஹைவேயில் நெல்லூர் லாரிகள்.
அதற்கும் அடியில்
சாக்குக்குள் கட்டிப்போட்ட கோழி மாதிரி
ஒரு மணி.

ஸ்டோருக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு அப்பால்,
ஒரு ஆள் மட்டும் குந்தக்கூடிய இடம்.
தொலைபேசி. மேலே சுவரில்
பென்சிலில் தெலுங்கு எழுத்து, பக்கத்தில் பத்து இலக்கம்.
வெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.
"ரமணய்யா பொண்ணு நம்பரு. சூலூர்பேட்டையில இருக்குது.
ராத்திரியில இங்க உக்காந்துதான் பேசுவாரு.
அன்னிக்கும் இங்கதான் விழுந்தாரு.
பாய்லருக்குத் தூக்கிட்டுப் போனது பசங்க,
அங்கதான் வெளிச்சம் இருந்துச்சு."

பழைய பதிவைத் திறந்தேன். ஐப்பசி, அந்தத் தேதி.
அழைத்த எண் 4431.
நீளம் பதினொரு நொடி.
யாரோ என்று எழுதியிருந்தோமே,
அந்த யாரோ.

நெடுநேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
"பேர் என்ன போட?" என்றான் இர்ஷாத், ஸ்பீக்கரில்.
ரமணய்யா மூலை.
பன்னிரண்டு. எட்டு மிச்சம்.

இரண்டே முக்காலுக்கு அங்கே குந்தி
சோதனை அழைப்பு.
அந்தப் பக்கம் ஒரு பெண், தூக்கக் குரல், தெலுங்கு.
எக்கட என்று அவள் கேட்கவில்லை.
தானே படித்தாள்: இரண்டாம் கட்டடம், தரைத்தளம்,
ரமணய்யா மூலை.
சரியா என்றாள்.
பதினொரு நொடி போயிருக்கும் நான் வாய் திறக்க.
சரி, டெஸ்ட் கால் என்றேன்.

சுவரில் இருந்த எண்ணை யாரும் துடைக்கவில்லை.
பெட்டிகளை மட்டும் நகர்த்தினோம், மூன்று பேரும்,
ஸ்ட்ரெச்சர் நுழைகிற அகலத்துக்கு.