எல்லாவற்றுக்கும்

"எல்லாவற்றுக்கும் பார்த்துவிடுங்கள்" என்றேன்.
செவிலி ஹெட்டி சரி என்று எழுதிக்கொண்டாள்.
ஒரு குப்பி சிறுநீர், இரண்டு குழாய் இரத்தம்.
ஆணியும் தார்ப்பாயும் விற்கிற கடையின் மேல்மாடி.
ஜன்னலுக்கு அப்பால் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை
மூடுபனி முழுசாக விழுங்கிவிட்டு
சங்கை மட்டும் துப்பியிருந்தது.

எட்டாம் நாள்
நண்டுக் கால்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது
கைப்பேசியில் ஒரு வரி வந்தது:
எதுவும் கண்டறியப்படவில்லை.
கையுறையைக் கழற்றாமல் மூக்கால் தட்டிப் படித்தேன்.
அன்றிரவு டெல்ஃபினிடம் சொல்லும்போது
அது "எல்லாம் சுத்தம்" ஆகியிருந்தது.
அந்தச் சொல் என்னுடையது.
ஹெட்டி எழுதவில்லை.

ஜூன் மாதம்.
டெல்ஃபின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
பனிச்சரிவிலும் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிப்பவள்,
வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தால்தான்
அவளுக்குச் சிறுநீர் போயிற்று.
கதவுக்கு வெளியே நான் துண்டோடு நின்றேன்.
எதற்குத் துண்டு என்று எனக்கே தெரியவில்லை.

பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டு எடுத்தார்கள்.
ஹெர்பிஸ். முதல் வகை.
வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஒரே ஒரு சொல் கேட்டாள்:
"யாரு?"

நான் கைப்பேசியை நீட்டினேன்,
பரிசோதகரிடம் பயணச்சீட்டை நீட்டுகிறவன் போல.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.

மறுபடி அந்த மாடிப்படி.
"அது இதில் சேராது, லியாண்டர்."
"எல்லாவற்றுக்கும் என்றேனே."
"எல்லாம் என்றால் இங்கே நான்கு."
கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி.
விரல் மடக்கி எண்ணினாள்.
கட்டைவிரல் மட்டும் நீட்டியபடி இருந்தது.

புண் இருந்தால் குச்சி பேசும் என்றாள்.
புண் இல்லாதவனின் இரத்தத்தைக் கேட்டால்
சில வேளை அது பொய் சொல்லும்,
மெய்யே சொன்னாலும்
எந்த இடம், எந்த வருஷம், யார் தந்தது
என்பதைச் சொல்லாது.
பாதிக்கு மேல் மனிதர்களுக்கு இருக்கிறது,
பாதி ஊரைக் கூப்பிட்டு அழவைத்து
அப்புறம் என்ன மருந்து கொடுப்பது?

நியாயம்தான். கோபம் போகவில்லை.
"இதை அன்றைக்கே ஒரு வாக்கியமாய்ச் சொல்லியிருக்கலாம்."
சங்கு ஒருமுறை ஊதி ஓய்ந்தது.
"சொல்லியிருக்கலாம்" என்றாள் ஹெட்டி.
நான் எதிர்பார்த்தது வேறு ஏதோ.
சண்டை போட வந்தவனுக்கு
நாற்காலி போட்டது போல் ஆயிற்று.

மூன்று நாள் டெல்ஃபின் பேசவில்லை.
நான்காம் நாள் பால் எடுக்கப் போனவள்
குளிர்பெட்டியைத் திறக்காமல் நின்றாள்.
கதவில், சிங்கி இறால் காந்தத்துக்கு அடியில்,
ஒன்பது வயது ஹாக்கி அணி.
கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
முன்பல் இல்லை.
கீழுதட்டின் ஓரத்தில் தேன் நிறப் பொருக்கு.

"இது என்ன?"
"குளிர்ப்புண். பிப்ரவரி ஆனால் வரும்.
அம்மா வாசலின் தடவுவாள்."
சொல்லி முடிக்குமுன் எனக்குக் கேட்டது
நான் சொன்னது.

ஹெட்டியின் காகிதங்கள் ஒன்றிலும் இல்லாதது
இருபத்தாறு வருஷமாய்
எங்கள் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் மேலே
பல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
இதோடு எத்தனை பேரை முத்தமிட்டேன்,
எத்தனை பேர் என்னை,
எந்தச் சித்தி, எந்த ஞானஸ்நானம்,
யாருக்குத் தெரியும்?

டெல்ஃபின் சிரிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.
மன்னிக்க என்ன இருக்கிறது என்று
நானும் கேட்கவில்லை.
படத்தைக் கவிழ்த்துக் காந்தத்தில் மாட்டினாள்.
வெள்ளை முதுகில் அம்மாவின் கையெழுத்து, ஒரு தேதி.

விடிகாலை ஐந்தரைக்குப் பேருந்துச் சாவி குலுங்கியது.
கதவு சாத்தியது.
நான் எழுந்து வந்து பார்க்கையில்
படம் நேராக இருந்தது.
வீட்டில் இருப்பது இரண்டே பேர்.
நான் தொடவில்லை.