அச்சுச் சுமை

அதிகாலை நாலே முக்கால்.
எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்தைப் பார்த்தபடி தூங்குகின்றன.
அவற்றுக்கும் கடல்தடுப்புக் கருங்கல்லுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலம் எனக்கு.

கஜபதி நாற்பதடி பின்னால்.
இருட்டில் என்னைப் பார்க்க மாட்டான், கேட்பான்.
"டப்பு டப்புன்னு போறியேடா,
ரோட்டையே எழுப்பிடுவ போல கீது."

குதிகாலை முதலில் வைப்பவன் நான்.
ஷூவைத் திருப்பினால் வெளிக்குதி மட்டும்
பள்ளிக்கூட அழிரப்பராய்த் தேய்ந்திருக்கும்.
மாசியில்
கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு கோபித்துக்கொண்டது.
மாடிப்படி இறங்கினால்
உள்ளிருந்து யாரோ டீ கிளாஸால் தட்டினார்கள்.

முன்பாதத்தில் ஓடு என்றார்கள். பூனையைப் பார் என்றார்கள்.
பார்த்தேன்.
காசிமேட்டு ஏலத்தில் சங்கராத் தலையோடு
ஒன்று ஓடியது, சத்தமே இல்லை.

நானும் சத்தமில்லாமல் ஓடினேன்.
"இருக்கியாடா?" என்று இருட்டில் கூப்பிட்டான் கஜபதி.
பதினெட்டு நாள் கணைக்கால் வாயே திறக்கவில்லை.
பத்தொன்பதாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கினேன்.
கெண்டைக்காலைக் குதியோடு கட்டியிருக்கும் அந்தத் தடித்த நாண்
உப்பில் காய்ந்த வலைக்கயிறாய்
முறுக்கிக்கொண்டு நின்றது.

டெல்பின், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே,
இப்போது ராயபுரத்தில் மாவு மில்லுக்கு மேலே பிசியோ.
கட்டைவிரலால் அழுத்தினாள். கத்தினேன்.
"எங்க வேலை?"
"திருவொத்தியூர் யார்டு. லாரி எடை பாக்குறேன்."
"பின் அச்சுல பாரம் ஜாஸ்தின்னு
பெட்டிய முன்னால தள்ளினா
எடை கொறஞ்சிடுமா?"

குறையாது.
தினம் நாற்பது சீட்டில் எழுதுகிறேன்.
பாரம் அச்சு மாறும்,
எடைமேடையின் சிவப்பு எண்
அசையாது.

"அப்ப எதுதான் நல்லது, குதியா, முன்பாதமா?"
"உனக்குப் பழகினது.
மாத்தியே ஆகணும்னா நாளுக்கு ஒரு தெரு,
அதுக்கு மேல வேணாம்.
எட்டி எட்டி வைக்காத, கிட்டக்கிட்ட வையி.
அதுக்கப்புறமும் வலிச்சா வா,
எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."
கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள்.
இருவரும் தும்மினோம்.

இன்று ஒரு லாரி வரிசை நீளத்துக்கு முன்பாதம்.
மீதிக்குப் பழைய குதி.
டப்பு டப்பு.
கண்ணாடியை இறக்கி ஓர் ஓட்டுநர்
தூக்கக் குரலில் மணி கேட்டார்.
நின்றேன். அஞ்சு பத்து என்றேன்.
கண்ணாடி ஏறியது.
திரும்பக் கிளம்பும்போது
எதை முதலில் வைப்பதென்று
ஒற்றைக்காலில் கொஞ்ச நேரம் யோசித்தேன்.
கஜபதி வந்து இடித்தான்.