வெறும் வண்டி எதுவும் ஓடும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஐப்பசி மழை தூண்வழி ஒழுக
மூன்று வண்டிகளைக் காட்டினார் ஸ்டீபன்சன்.

முதலாவது நீலம்.
புதுப் பெயிண்ட், டயருக்குக்கூடக் கறுப்புப் பூச்சு.
"ஸ்கூல் புக்கு மட்டுந்தான் ஏத்தினது, எக்கா."
பின்கதவுக் கீல் இடுக்கில்
விரல்நகத்தை விட்டுச் சுரண்டினேன்.
ஒட்டி வந்தது ஒரு செதில்,
விளமீனாக இருக்கலாம்.
எந்தப் பள்ளிக்கூடத்தில் மீன் படிக்குது என்று கேட்டேன்.
அஜின் அடியில் படுத்துச்
சேஸிஸைச் சுத்தியலால் தட்டினான்.
மணியாய் ஒலிக்கவேண்டிய இரும்பு
பப்படமாய்ப் பொடிந்து அவன் கண்ணில் விழுந்தது.
குளச்சல் உப்பு.

இரண்டாவது இளசு, நாலே வயது.
அஜின் ஸ்டியரிங்கைத் தடவிய விதத்தில்
கல்யாணமே முடிந்துவிட்டது.
நான் தவணையைக் கணக்குப் பார்த்தேன்.
கூலி, டீசல், செக்போஸ்ட் டீ எல்லாம் போக
ஒரு லோடு ரப்பர் விறகில் எனக்கு நிற்பது எண்ணூறு.
மாதத்தின் முதல் பதினேழு லோடு பைனான்ஸ்காரனுக்கு.
பதினெட்டாவதில் மழை பெய்யும்.
இறங்குடே, என்றேன்.

மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பால்டின் நிறம். பன்னிரண்டு வருஷம்.
கதவில் ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில்
வெயில் படாத எழுத்துகள் மட்டும் மிச்சம்:
24 மணி நேரமும்.

"என்னது இருபத்துநாலு மணி நேரமும்?"
ஸ்டீபன்சன் மழையைப் பார்த்தார்.
"குளிர்பெட்டி, எக்கா.
துக்கவீட்டுக்கு வாடகைக்குப் போனது."
அஜின் கையை எடுத்துக்கொண்டான்.
பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

நான் வேறு கணக்கில் இருந்தேன்.
கூடிப்போனால் ஒரு பெட்டி, ஓர் ஆள்;
அதற்குமேல் கனம் அறியாத முதுகு.
நாற்பதுக்குமேல் யார் மிதித்திருப்பார்கள்?
பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்களுக்காகப்
பள்ளம் பள்ளமாய்ப் பார்த்து இறக்கிய வண்டி.
பட்டைகளில் ஒரு கீறல் இல்லை.
கிளட்ச் இன்னும் கன்னி.

"பேக்கரிக்காரர் அறிஞ்சா விறகு எடுக்கமாட்டாரு."
"விறகு என்ன பிறந்தநாள் கொண்டாடவா போகுது?"

ஆனால் வெறும் வண்டி எதுவும் ஓடும்.
வாடகை வண்டியில் எங்கள் சரக்கோடுதான் வந்திருந்தேன்,
திற்பரப்புத் தோட்டத்தில் கடும்வெட்டு முடிந்த மரம்,
பால் வற்றியும் ஈரம் வற்றாதது.
ஒரு டன்னை மாற்றச் சொன்னேன்.
ஏற்றுக்கூலிக்காரர்கள் என் தாயை நினைத்திருப்பார்கள்,
வாய்க்குள்தான்.

சிதறால் பக்கத்து ஏற்றம்.
மூன்றில் திணறி, இரண்டில் முக்கி,
பிறகு முக்காமலே ஏறியது.
சூட்டுமுள் பாதியைத் தாண்டவில்லை.
சீட்டுக்கடியில் ஏதோ உருண்டு என் காலில் முட்டியது:
ஒரு பன்னீர்க் குப்பி. காலி.

இறங்கி வருகையில் முக்கில்
டீக்குடித்து நின்ற ஒருவர்
வண்டியைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்து
தலைத்துண்டை அவிழ்த்து மார்போடு பிடித்தார்.
நாங்கள் கடந்தோம்.
பின்கண்ணாடியில் அவர்
தடித்தடியாய் நீட்டிக்கொண்டிருந்த விறகைப் பார்த்து
யாராக இருக்கும் என்று யோசிப்பது தெரிந்தது.
அஜின் சிரித்துவிட்டான்.
அந்தச் சிரிப்போடு
கை தானாகக் கியரில் உட்கார்ந்தது.

ரெண்டு எண்பத்தைந்து கேட்டார்.
ரெண்டு நாற்பது என்றேன்.
ரெண்டு அறுபதும் ஒரு தார்ப்பாயும் என்று நின்றது.
தார்ப்பாயில் இரண்டு ஓட்டை
வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

கதவுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.
அடிக்கலாம், அடிக்கலாம் என்று
கார்த்திகையும் போயிற்று.

தக்கலையில் முதல் லோடு இறக்கும்போது
மைதீன்கண்ணு அடுப்படியிலிருந்து
மாவுக்கையோடு வந்து
கதவையே பார்த்தார்.
அஜின் என்னைப் பார்த்தான்.
நான் பில் எழுதுகிறவளாய்க் குனிந்தேன்.

"இருபத்துநாலு மணி நேரமும் கொண்டுவருவியளா?
எங்கிட்ட சொல்லவே இல்லியே, மேபல்!
கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி
கேக்கு அடுப்புக்கு ரெண்டு லோடு வேணும்.
ஒரு மணிக்கு மேல வந்தாப் போதும்.
ஈரம் மட்டும் ஆகாது."